செத்தவீட்டுப் புத்தகத்தை எங்கே வைப்பது

உலகத்தைக் காப்பாற்ற ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள். அந்த ஒன்பது பேரும் ஒரே புத்தகத்தில் வந்து ஒரேயடியாகக் காப்பாற்றித் தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்காது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பறக்கிறவன் தன்னுடைய புத்தகத்தில் பாதி உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, மிச்சத்தை முகமூடிக்காரனின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். முகமூடிக்காரன் ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்று மூன்று பக்கம் யோசித்துவிட்டு, இனி நடப்பதைக் கடல்காரியின் புத்தகத்தில் காண்க என்றான். அரசாங்கக் கந்தோருக்கு ஒரு அலுவலாகப் போனால் அடுத்த மேசைக்குப் போ என்பார்களே, அதே மாதிரி. மலையைத் தூக்கக்கூடியவர்களுக்கு, தொடங்கிய கதையைத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கிற பலம் இருக்கவில்லை.

இது முப்பத்தொன்பது புத்தகமாக வந்த சித்திரக்கதை. வெளிநாட்டுக் கதையை மெட்ராசில் தமிழாக்கி அச்சடித்து அனுப்பினார்கள். எண்பதுகளின் கடைசியில் அவை முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் கயிற்றில் தொங்கின. அப்போது எனக்கு முப்பது வயது. வெட்கப்பட வேண்டிய வயதுதான். ஆனால் நான் எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறவன். ஆகையால் இதற்கென்று தனியாக வெட்கம் ஒதுக்கி வைக்க என்னிடம் மிச்சம் இருக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுந்து நின்று சத்தமாக வாசி என்று வாத்தியார் சொன்னார். எழுந்து நின்றேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தவணை முழுக்க நின்று பார்த்துவிட்டு, நிற்பதை வேறு எங்காவது நிற்கலாம் என்று முள்ளியவளையில் ஒரு நெல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆலை இயந்திரம் ஓடும்போது ஒருவரும் ஒருவரோடும் பேச முடியாது. எனக்கு அதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை. சித்திரக்கதையும் அப்படித்தான் எனக்குப் பொருந்தியது. ஒரு குமிழுக்குள் ஐந்தாறு சொல். பிழையாக வாசித்தாலும் பக்கத்தில் படம் இருக்கிறது, திருத்திவிடும். வாத்தியாரைப் போல வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்காது.

என் சிநேகிதன் தண்ணீரூற்றுக்காரன், முஸ்லிம். ஆணி, பூட்டு, மண்வெட்டி விற்கிற கடை வைத்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். எட்டாம் வகுப்பு வரை போனவன் என்பதால் எங்கள் இருவருக்கும் அவன்தான் படித்தவன். ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் வாங்குவது மடைத்தனம் என்று கண்டுபிடித்ததும் அவன்தான். பறக்கிறவனின் புத்தகங்களை நான் வாங்குவது, முகமூடிக்காரனின் புத்தகங்களை அவன் வாங்குவது, கடல்காரியும் மற்றவர்களும் கடையில் யார் கண்ணில் முதலில் படுகிறார்களோ அவருக்கு. வாசித்து முடிந்ததும் மாற்றிக்கொள்வது. முகமூடிக்காரனுக்குப் பறக்கத் தெரியாது, நெருப்புக் கக்கத் தெரியாது. அவனிடம் இருந்த ஒரே சக்தி பணம். கடைக்காரனுக்கு அவனைப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

பெரிய கதையை மாற்றி மாற்றி வாசித்துப் பாதிக்கு வந்தபோது தொண்ணூறாம் ஆண்டு வந்துவிட்டது. அவனுடைய ஆட்கள், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும், கையில் கொண்டுபோகக் கூடியதோடு வெளியேற வேண்டும் என்று இயக்கத்தால் சொல்லப்பட்டது. அவன் கையில் கொண்டுபோனவற்றில் பதினெட்டுச் சித்திரக்கதைகளும் இருந்தன. அந்த இடத்தில் தன் தையல் மெசினின் தலையாவது வந்திருக்கலாம் என்று அவனுடைய மனைவி அவர்கள் போய்த் தங்கிய புத்தளத்தில் இன்றுவரை சொல்வதாகக் கேள்வி. என் வீட்டிலிருந்து அவனுடைய வீட்டுக்குச் சைக்கிளில் கால் மணித்தியாலம் கூட இல்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு வேறு பெயரும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு என் இருபத்தொரு புத்தகங்களும் என்னோடு மூன்று முறை இடம்பெயர்ந்தன. ஒரு றங்குப்பெட்டிக்குள், மனைவியின் கூறைச் சேலைக்குக் கீழே. சேலைக்கு மேலே வைக்கக் கேட்டிருந்தால் நானும் பெட்டியும் தனித்தனியாக இடம்பெயர்ந்திருப்போம்.

போர் நின்று சமாதானம் வந்து கொழும்புப் பாதை திறந்த அடுத்த வருடம், ஒரு பின்னேரம், ஆலைக்குள் தவிட்டுச் சாக்குக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், வாசலில் ஒரு தடித்த ஆள் நின்று கையைக் காட்டுகிறார். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நெல்லுக் குத்த வந்தவர் என்று நினைத்து, வரிசையில் நில்லுங்கோ என்று நானும் கையால் காட்டினேன். அவர் போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற இரண்டு பேருடைய நெல்லும் குத்தி முடிந்து, அவருடைய முறை வந்தபோதுதான் பார்த்தேன், கையில் நெல் இல்லை. ஒரு சொப்பிங் பை இருந்தது.

இயந்திரத்தை நிற்பாட்டினேன்.

"என்ன மச்சான், பன்னிரண்டு வருசம் கழிச்சு வந்தாலும் வரிசையிலதான் நிக்கவேணுமோ?" என்றான் என் சிநேகிதன்.

கையிலிருந்த தவிட்டைத் தட்டினேன்.

"பத்து நாள் நிக்கிறன். வீட்டு வளவைப் பாத்துக் கூட்டித் துப்புரவாக்கி வச்சிட்டுப் போக வந்தனான். அதோட உன்ர பங்கையும் வாசிச்சு முடிக்கவேணும். வச்சிருக்கிறியோ, இல்லைத் தவிட்டோட குடுத்திட்டியோ?"

"கிடக்கு," என்றேன்.

"எல்லாம்?"

"எல்லாம்."

அவன் பையைத் திறந்து காட்டினான். பதினெட்டும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்ணிறத் தாளில் உறை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேலே இலக்கம் எழுதியிருந்தான்.

என் பங்கை அவனிடம் கொடுத்து, கொண்டுபோய்ப் புத்தளத்தில் வாசி என்று சொல்லியிருக்கலாம். தன் பங்கை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவனும் சொல்லியிருக்கலாம். பெருந்தன்மையில் இருவரும் அவ்வளவுக்கு முன்னேறியிருக்கவில்லை. ஆகையால் முடிவு இதுதான்: பத்து நாள், முப்பத்தொன்பது புத்தகம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசிப்பது. நாளைக்கு நாலு புத்தகம் வாசித்தால் பத்தாம் நாள் பறக்கிறவனுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடமாக நான் அறிய விரும்பியது அது ஒன்றைத்தான். உலகத்தில் வேறு விசயங்களும் நடந்திருந்தன. அவற்றின் முடிவைச் சொல்ல ஒருவரும் புத்தகம் போட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஆலை நின்றதும், நெல் காயவிடுகிற சீமெந்துத் தளத்தைக் கூட்டிவிட்டுப் புத்தகங்களைப் பரப்பினோம். அவை அவித்த நெல் போல வரிசையாகக் காய்ந்தன. இனி முதலாவதை எடுத்து வாசிக்க வேண்டியதுதான்.

எது முதலாவது?

இலக்கத்தைப் பார்த்தால் தெரியும் என்று நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். பதிப்பகத்தார் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி இலக்கம் போட்டிருந்தார்கள். பறக்கிறவனின் நாற்பத்திரண்டு, முகமூடிக்காரனின் பதினேழுக்கு முன்னாலா பின்னாலா என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். அதுவும் என் புத்தகங்களில் எட்டுக்கு அட்டையே இல்லை. ஒன்றை எலி தின்றது. ஒன்றை என் மனைவி ஈர விறகுக்குத் திரியாக்கினா. மற்ற ஆறும் எங்கே போயின என்று கேட்டால், நாங்கள் எங்கெங்கே போனோம் என்றும் சொல்லவேண்டி வரும். அவனுடைய உறைகளில் இருந்த இலக்கங்களோ அவன் கடையில் வாங்கிய ஒழுங்கில் அவனே போட்டவை. கடைக்காரர் அவற்றைக் கப்பலில் வந்த ஒழுங்கில் தொங்கவிட்டார். கப்பலில் ஏற்றியவர் எந்த ஒழுங்கில் ஏற்றினார் என்பதை விசாரிக்க எங்களுக்கு வசதி இல்லை.

பக்கங்களின் அடியில் ஆசிரியர் குறிப்புகள் இருந்தன. "இந்தச் சம்பவத்தை முன்பே எமது சகோதர வெளியீட்டில் படித்து மகிழ்ந்திருப்பீர்கள்." எந்த வெளியீடு, எப்போது மகிழ்ந்தோம் என்று இல்லை. முப்பத்தொன்பதிலும் சேர்த்து அப்படி நாற்பதுக்கு மேல் மகிழ்ச்சி இருந்தது.

அவன் படித்தவன் என்பதால் ஒரு வழி கண்டுபிடித்தான். கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள் வரும். ஒரு வாசகர் போன இதழைப் பற்றி எழுதியிருந்தால் அது போன இதழ் எது என்று காட்டிக்கொடுக்கும். ஒரு பின்னேரம் முழுக்கக் கதையை விட்டுவிட்டுக் கடிதங்களை வாசித்தோம். வாசகர்கள் கதையைப் பற்றி எழுதவில்லை. ஒருவர் தாள் மட்டமாக இருக்கிறது என்றார். ஒருவர் பேனா நண்பர் தேடினார். ஒருவர், கடல்காரி தண்ணீருக்குள் எப்படித் தலைமுடி கலையாமல் இருக்கிறா என்று கேட்டிருந்தார். அதற்கு ஆசிரியர், நல்ல கேள்வி என்று பதில் போட்டிருந்தார்.

இரண்டாம் நாளும் முடிந்தது. வாசித்த புத்தகம் பூச்சியம்.

மூன்றாம் நாள் என் மனைவி ஆலைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா. தளத்தின் ஓரத்தில் நின்று, குந்தியிருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா.

"நானா, நீங்கள் புத்தளத்தில இருந்து வந்தது உதுக்குத்தானோ?" என்றா, அவனுடைய ஆட்கள் அண்ணாவை அழைக்கிற மாதிரி.

"இல்லைத் தங்கச்சி, வளவு துப்புரவாக்க."

"வளவு துப்புரவாகீற்றுதோ?"

"புல்லும் பத்தையும் கொஞ்சம் கிடக்கு."

"இஞ்சயும் பத்தைதான் கிடக்கு," என்று எங்கள் தலைகளைக் காட்டினா. பிறகு பேணிகளை வைத்துவிட்டு, பறக்கிறவன் இருந்த நாலைந்து புத்தகங்களைக் குனிந்து எடுத்து விரித்துப் பார்த்தா. வாசிக்கவில்லை. படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவனுடைய முதுகில் தொங்குகிற சிவப்புத் துணியை மட்டும் பார்த்தா.

"இதில துணி முழுசாக் கிடக்கு. இதில நுனியில கிழிஞ்சிருக்கு. இதில பாதி இல்லை. கிழிஞ்ச துணி தானா வளராது. முழுசா உள்ளதை முன்னுக்கு வையுங்கோ, கந்தலைப் பின்னுக்கு வையுங்கோ. இதுக்கு மூண்டு நாளோ?"

சொல்லிவிட்டு வெறும் பேணிகளுக்காகக் காத்து நின்றா. எட்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தன.

துணி அளவுபடி அடுக்கினோம். ஒரு மணித்தியாலத்தில் முப்பத்தெட்டுப் புத்தகமும் ஒருமாதிரி வரிசையில் வந்துவிட்டன. ஒன்று மட்டும் மிஞ்சியது. அது அவனுடைய பங்கில் ஒன்று. உறை போட்டு, பதினெட்டு என்று இலக்கம் எழுதியது. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவன் ஊரை விட்டுப் போவதற்கு முதல் கிழமை வாங்கியது. அதை என்னிடம் தந்து மாற்றிக்கொள்ளத்தான் நாள் இருக்கவில்லை.

திறந்தேன். மழை பெய்கிறது. எட்டு வீரர்களும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடியை உண்டாக்கக்கூடியவனும் குடை பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே சிவப்புத் துணி மடித்து வைத்திருக்கிறது. அடியில் ஆசிரியர் குறிப்பு: இந்த அதிர்ச்சியின் காரணத்தை எமது சகோதர வெளியீட்டில் காண்க.

"இது என்ன?" என்றேன்.

"செத்தவீடு."

"ஆரின்ர?"

அவன் என்னைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதோ மச்சான்? அவன் செத்துப் பன்னிரண்டு வருசம். புத்தளத்தில எங்கட அகதிக் காம்பில என்ர பிள்ளையள் எல்லாத்துக்கும் தெரியும். அவனைப் புதைக்கிற விளையாட்டே விளையாடினவங்கள்."

எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. நான் மூன்று இடத்தில் குடிசை போட்டு, மூன்று இடத்திலும் அவனை றங்குப்பெட்டியில் இருந்து எடுத்துப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். என்னுடைய கடைசிப் புத்தகத்தில் அவன் வானத்தில் இருந்த ஒரு ஓட்டைக்குள் நுழைகிறான். நுழைந்தவன் திரும்பி வருவான் என்றுதான் நான் இருந்தேன். இவர்கள் இந்தப் பக்கம் அவனைப் புதைத்து, அதற்கு மேலே பிள்ளைகளை விளையாடவும் விட்டிருக்கிறார்கள்.

"உது கடைசிப் புத்தகம்," என்றான் அவன். "ஓட்டைக்குள்ள போனான், செத்தான், தாட்டாங்கள். கதை சரி."

"உது நடுவில எங்கேயோ வரும். செத்த மாதிரிக் காட்டுவாங்கள். பிறகு வருவான்."

"பெட்டி கிடக்கு மச்சான்."

"பெட்டி மூடிக் கிடக்கு. முகம் காட்டேல்லை. முகம் காட்டாத செத்தவீட்டை நான் நம்பமாட்டன்."

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருந்த ஒருவர் தொண்ணூற்றாறில் காணாமல் போனார். ஒரு வருடம் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் செத்தவருக்குச் செய்கிற எட்டுச்செலவும் அந்தியேட்டியும் செய்து, படத்துக்கு மாலை போட்டார்கள். பாதை திறந்த மாதம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொழும்பில் ஒரு பேக்கரியில் இருந்தாராம். உள்ளே வந்து, மாலை போட்ட தன் படத்தைப் பார்த்துவிட்டு, வேறு நல்ல படம் உங்களுக்குக் கிடைக்கேல்லையோ என்று கேட்டார். அவருடைய செத்தவீட்டுப் புத்தகத்தைக் கடைசியில் வைத்திருந்தால் அவர் இப்போது பின்வளவில் கத்தரிக்குத் தண்ணீர் இறைப்பதை எங்கே வைப்பது?

இதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. முகமூடிக்காரன் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு சத்தியம் செய்கிறானாம். அவ்வளவு பெரிய சத்தியம் கதை முடிவில்தான் வருமாம்.

"உன்ர முகமூடிக்காரன்ர சத்தியத்தை ஆர் நம்புறது," என்றேன். பேசிப் பழக்கம் இல்லாதவன் பேசத் தொடங்கினால் இதுதான் நடக்கும், நிற்பாட்டத் தெரியாது. "அவன் எதிரியிட்டக் காசு வாங்கிக்கொண்டு எல்லாரையும் காட்டிக் குடுத்தவனெல்லோ."

அவன் நிமிர்ந்தான். "எந்தப் புத்தகத்தில?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது. இடம்பெயர்ந்து விசுவமடுவில் குடிசையில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதை கேட்பார்கள். வாசித்துக் காட்டமாட்டேன், படத்தைக் காட்டிச் சொல்வேன். என்னிடம் பாதிக் கதைதான் இருந்தது. மிச்சத்தைக் கேட்டபோது, இல்லாத புத்தகங்களில் என்ன இருந்திருக்கும் என்று நானே வைத்துச் சொன்னேன். முகமூடிக்காரனின் புத்தகங்கள் என்னிடம் இல்லை. இல்லாதவன் தலையில்தானே எதையும் கட்டலாம். சொல்லிச் சொல்லி எனக்கு அது வாசித்த மாதிரியே ஆகிவிட்டது.

"நானே வச்சது," என்றேன்.

"என்னெண்டு?"

"உன்ர புத்தகங்கள் என்னட்ட இல்லைத்தானே. அதால அப்பிடி இருக்குமெண்டு..."

"என்ர ஆள் காட்டிக் குடுத்தவனெண்டு விசுவமடு முழுக்கச் சொல்லியிருக்கிறாய்."

"முழுக்க இல்லை. ஒரு பத்துப் பதினைஞ்சு வீடு."

அவன் தன் பதினெட்டுப் புத்தகத்தையும் வரிசைக்குள் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். மனைவி துணி பார்த்து அடுக்கிய ஒழுங்கு பல்லு விழுந்த வாய் மாதிரி ஆனது. பையில் போட்டுக்கொண்டு, இரவல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

நாலாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. நான் ஒரு சித்திரக்கதை வீரனைப் பற்றித்தான் பேசினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவன் அதற்காகத்தான் கோபித்தான் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் எடுபடவில்லை. அவனுடைய ஆட்களை ஊரைவிட்டு அனுப்பியபோதும் காட்டிக் கொடுத்தவர்கள் என்றுதான் கதை நடந்தது. ஊரில் இல்லாத ஆளைப் பற்றி என்ன கதையும் கட்டலாம் என்று நாங்கள் இருந்தோம், அவன் அங்கே இல்லாத ஆளாக இருந்தான்.

"போங்கோ," என்றா மனைவி.

"போய் என்ன சொல்றது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. அது உங்களுக்கு வடிவா வருமெல்லோ."

ஐந்தாம் நாள் பின்னேரம் தண்ணீரூற்றுக்குப் போனேன். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அவனுடைய வீட்டுக்குக் கூரை இல்லை, சுவர் இருந்தது. சுவருக்குள் நாயுருவி ஆள் உயரத்துக்கு நின்றது. அவன் ஒரு கயிற்றின் நுனியைப் பூவரச மரத்தில் கட்டிவிட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு வளவை அளக்கப் பார்த்தான். தனி ஆளாக அளந்ததால் இழுக்கும்போதெல்லாம் முடிச்சு அவிழ்ந்தது. நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய் மரத்தடி நுனியைப் பிடித்தேன். நாலு பக்கமும் அளந்தோம். ஒரு பக்கம் அவன் நினைத்ததை விட இரண்டு முழம் குறைந்தது. வேலி நடந்திருந்தது.

"மச்சான்," என்றான் கயிற்றைச் சுற்றியபடி. "நான் அண்டைக்கு வெளிக்கிடேக்க நீ வருவாயெண்டு பாத்தனான். செத்தவீட்டுப் புத்தகத்தை உன்னட்டத் தந்திட்டுப் போக."

"ஓம்," என்றேன்.

அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை. நான் அதற்கு ஒரு காரணம் ஆயத்தமாக வைத்திருந்தேன். நல்ல காரணம், பன்னிரண்டு வருடமாகத் திருத்தித் திருத்தி வைத்தது. அது வெளியில் வரவில்லை.

"நடுவில வைப்பம்," என்றான் பிறகு. "இருபதாவதா. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

நீதிமன்றத்தில் இப்படித் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பக்கமும் மேன்முறையீடு செய்யும். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

மறுபடியும் துணி பார்த்து அடுக்கி, மிச்சம் ஐந்து நாளில் ஓடி ஓடி வாசித்தோம். நான் உதட்டை அசைத்து வாசிக்கிறவன். அவன் பக்கத்தை முடித்துவிட்டு, தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டு என் உதடு நிற்கும் வரை காத்திருப்பான். ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ஆலைக்கு வந்து காத்திருக்கிற பெண்கள், இரண்டு நரைத்த தலைகள் ஒரு படப் புத்தகத்துக்குள் கிடப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நேரமில்லாதவன் வெட்கப்படுவதற்கும் நேரம் ஒதுக்க முடியாது.

பத்தொன்பதாவதில் பறக்கிறவன் ஒரு ரயிலைக் கையால் நிறுத்தினான். இருபதாவதில் செத்துக் கிடந்தான். இருபத்தோராவதில் ஒரு நகரசபைத் தலைவரோடு கைகுலுக்கினான். அவன் எப்படி எழும்பி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு வீரர்களில் ஒருவருக்காவது ஆச்சரியம் வரவில்லை. இவ்வளவு பேரும் மழையில் குடை பிடித்தது வீணாகப் போனதே என்ற கவலைகூட இல்லை.

"பிழையான இடத்தில வச்சிட்டம்," என்றான் அவன்.

"இல்லை, சரியான இடம். அவங்கள்தான் கதையைப் பிழையா எழுதியிருக்கிறாங்கள்."

"துணியைப் பார்," என்றான். அடுக்கும்போது நாங்கள் பார்த்த முதல் பக்கத்தில் கிழிந்திருந்த துணி, இருபத்தொன்றின் உள்ளே முழுசாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினோம். அவா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புதுசு தச்சிருக்கினம்," என்றா. செத்தவீட்டுக்குப் பிறகு வீட்டில் துணி மாற்றுவதுதானே என்கிற மாதிரி.

பத்தாம் நாள் இருட்டியபோது முப்பத்துநாலு முடிந்திருந்தது. ஐந்து மிச்சம். அவனுடையது மூன்று, என்னுடையது இரண்டு. அடுத்த நாள் விடிய அவனுக்கு பஸ். தர்க்கத்தில் போன மூன்று நாளையும் கோபத்தில் போன இரண்டு நாளையும் யாரும் திருப்பித் தரவில்லை. கதைக்குள் காலத்தைப் பின்னுக்குத் திருப்பத் தெரிந்த ஒருவன் இருந்தான். கேட்டுப் பார்த்திருக்கலாம்.

விடிய முள்ளியவளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். நான் அந்த ஐந்தையும் கொண்டுபோயிருந்தேன். பிரித்தால் மூன்று அவனோடு, இரண்டு என்னோடு. அவன் ஐந்தையும் வாங்கித் தன் பைக்குள் வைத்தான்.

"முப்பத்துநாலும் உன்னட்டக் கிடக்கட்டும்," என்றான். "இது ஐஞ்சும் என்னோட வரட்டும்."

"அப்ப முடிவு?"

"வந்து வாசி."

"நான் ஒரு இடமும் போறேல்லையெண்டு உனக்குத் தெரியுமெல்லோ."

"தெரியும். அதுதான் கொண்டுபோறன்." பஸ்ஸின் படியில் ஏறி நின்று திரும்பினான். "நீ வாற வரைக்கும் நானும் தொடமாட்டன். பிள்ளையளையும் தொட விடமாட்டன். கெதியா வா. அதுகள் என்னைப்போலப் பொறுக்கிறதுகள் இல்லை."

இரண்டு மாதம் இழுத்தேன். காய்ச்சல் என்றேன், அறுவடை என்றேன், ஆலை இயந்திரத்துக்குப் பட்டி அறுந்துவிட்டது என்றேன். அவனுக்கு அல்ல, மனைவிக்கு. அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய எழுத்தில், குமிழுக்குள் எழுதுகிற மாதிரிச் சின்னச் சின்ன வசனமாக எழுதியிருந்தான். இன்னும் வாசிக்கேல்லை. அலுமாரியில பூட்டி வச்சிருக்கிறன். திறப்பு என்ர மடியில. இவ்வளவுதான்.

இயக்கத்தின் பகுதியை விட்டு வெளியே போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நான் விடியவே போய் வரிசையில் நின்றேன். படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு இடம். வைத்தியம், வியாபாரம், கல்வி, திருமணம், மரணம், வேறு என்று அச்சடித்திருந்தது, ஒன்றுக்குச் சரி போட வேண்டும். வேறு என்று போட்டவர்கள் எல்லோரும் தனியாக ஒரு மேசைக்குப் போய் விளக்கம் சொன்னார்கள். அந்த வரிசை மெல்லத்தான் நகர்ந்தது. ஒவ்வொருவரும் எழுந்து நின்று சத்தமாக விளக்கினார்கள். எழுந்து நின்று சத்தமாக ஒன்றைச் சொல்வதில் எனக்கு இருக்கிற அனுபவத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

மரணம் என்று சரி போட்டேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

படிவத்தை வாங்கியவர் கண்ணாடி போட்ட, களைத்த ஒரு மனிதர்.

"ஆர் மோசம் போனது?" என்றார் நிமிராமலே.

"தெரிஞ்ச ஒருத்தர்."

"சொந்தமோ?"

"இல்லை. கனகாலப் பழக்கம்."

"பிரேதம் எப்ப எடுக்கினம்?"

நான் யோசித்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வருகிற வழி முழுக்க நேரம் இருந்தது. "அது இன்னும் முடிவாகேல்லை," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னெண்டு முடிவாகாமல்?"

"செத்தவரோ, இல்லையோ எண்டு போய்ப் பாத்தாத்தான் தெரியும். ஒரு பக்கம் செத்தவீடு முடிஞ்சுதெண்டு சொல்லினம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆர் பாத்தது? முகம் ஒருத்தரும் பாக்கேல்லை."

சிரிக்கப் போகிறார், அல்லது அந்த மேசைக்கு அனுப்பப் போகிறார் என்று நின்றேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் நுனியால் துடைத்தார்.

"எவ்வளவு காலமாத் தேடுறியள்?"

"பன்னிரண்டு வருசம்."

அவர் தலையை ஆட்டினார். முத்திரை குத்தினார். படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"போய் உங்கட கண்ணால பாருங்கோ ஐயா," என்றார். "மற்றவை சொல்றதைக் கேட்டுக்கொண்டு இருக்காதேங்கோ."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு பெண் தன் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டா. அதில் அவா என்ன நோக்கத்துக்குச் சரி போட்டிருந்தா என்று பார்க்க எனக்குத் துணிவு இல்லை. பஸ் வெளிக்கிட நின்றது. மரணத்துக்குப் போகிற ஆள் என்று நடத்துனருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். யன்னல் கரையில் இருந்த ஒருவரை எழுப்பி, எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தார். நான் இருந்தேன்.